பொது வரைபடத் தரவும் நாம் வாழும் பகுதியின் நலமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மருத்துவமனை எட்டுகிற தூரத்தில் இருக்கிறதா, எந்தச் சாலையில் அடிக்கடி விபத்து நடக்கிறது, குடிநீர் எங்கே கிடைக்கிறது என்பவற்றுக்கு இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் வரைபடத் தரவைக் கொண்டு விடை தேடுபவர்கள் பெருகி வருகிறார்கள். குடியிருப்போர் சங்கத்தினர், சுகாதாரப் பணியாளர்கள், ஆசிரியர்கள், செய்தியாளர்கள் என்று பலரும் வழக்கமாக எழுப்பும் கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறோம். வரிசையாகப் படிக்க வேண்டியதில்லை. வரைபடத்தில் காலியாகக் கிடக்கும் இடத்தைப் பற்றிய கேள்வியை மட்டும் தாண்டிச் செல்லாதீர்கள்.

பொது வரைபடத் தரவு என்று எதைச் சொல்கிறீர்கள்?

யாரும் கட்டணமின்றி எடுத்துப் பயன்படுத்தலாம், தம் வேலைக்கேற்ப மாற்றலாம் என்ற அனுமதியோடு வெளியிடப்பட்ட, இருப்பிடம் குறிக்கப்பட்ட தகவல் எல்லாமே இதில் அடங்கும். நான்கு வகைகள் அடிக்கடி கைக்கு வரும்.

முதலாவது ஓபன்ஸ்ட்ரீட்மேப். 2004இல் இங்கிலாந்தில் ஸ்டீவ் கோஸ்ட் தொடங்கிய திட்டம். சாலை, கட்டடம், மருந்துக்கடை, குடிநீர்க் குழாய், பேருந்து நிறுத்தம் ஆகியவற்றை உலகெங்கும் தன்னார்வலர்கள் குறித்து வருகிறார்கள். இரண்டாவது செயற்கைக்கோள் படங்கள். அமெரிக்காவின் லேண்ட்சாட் வரிசை 1972 முதல் தொடர்கிறது; 2008இலிருந்து அதன் படங்கள் இலவசம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செயற்கைக்கோள்கள் 10 மீட்டர் அளவிலான விவரத்துடன் ஏறக்குறைய 5 நாள்களுக்கு ஒருமுறை அதே இடத்தைப் படமெடுக்கின்றன. மூன்றாவது மக்கள்தொகைக் கணக்கு. அது நிர்வாகப் பகுதிவாரியாக வெளிவரும். வேர்ல்ட்பாப் போன்ற திட்டங்கள் அந்த எண்ணிக்கையைச் சுமார் 100 மீட்டர் கட்டங்களாகப் பிரித்து, எந்தக் கட்டத்தில் எத்தனை பேர் இருக்கலாம் என்று மதிப்பிட்டுத் தருகின்றன. நான்காவது அரசுத் துறைகள் வெளியிடும் பட்டியல்கள்: மருத்துவமனைகள், பள்ளிகள், சாலை விபத்துகள், குற்றப் புகார்கள்.

இந்த நான்காவது வகை பெரும்பாலும் முகவரி எழுதிய அட்டவணையாகத்தான் கிடைக்கும். அதை வரைபடத்தில் ஏற்றுவதற்குள் பாதிப் பொறுமை கரைந்துவிடும் என்பதை முன்பே தெரிந்துகொள்வது நல்லது.

கைப்பேசியில் கூகுள் வரைபடம் இருக்கிறதே, அது போதாதா?

வழி கண்டுபிடிக்கப் போதும். ஆய்வுக்குப் போதாது. அது தனியார் சேவை. பார்க்கலாம், வழி கேட்கலாம், ஆனால் அதிலுள்ள மருந்துக்கடைகள் அனைத்தையும் மொத்தமாக எடுத்துவைத்து எண்ணுவதற்கு அதன் விதிமுறைகள் இடம் தருவதில்லை. அதைப் பார்த்து ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பிரதி எடுப்பதும் கூடாது. மேலும், வணிக வரைபடம் வாடிக்கையாளர் தேடுகிற இடங்களை முன்னால் காட்டும். பொதுக் கழிப்பறை, குடிநீர்க் குழாய், சக்கர நாற்காலி ஏறும் சரிவு போன்றவை அங்கே பின்வரிசையில்தான் இருக்கும்.

நிரல் எழுதத் தெரிய வேண்டுமா?

வேண்டியதில்லை. கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருள் கணினியில் இருந்தால், சாலை, மருத்துவமனை என்று ஒவ்வொரு வகைத் தகவலையும் தனித்தனி அடுக்காக ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பார்க்கவும், தூரம் கணக்கிடவும், அச்சிடவும் முடியும். ஓபன்ஸ்ட்ரீட்மேப்பிலிருந்து வேண்டியதை மட்டும் பிரித்தெடுக்க ஓவர்பாஸ் டர்போ என்ற இணையப் பக்கம் உதவும். சில புள்ளிகளைக் குறித்து நண்பர்களுக்கு அனுப்புவதுதான் நோக்கம் என்றால் யூமேப் என்ற இணையப் பக்கமே போதும். நிரலைவிட அட்டவணையை ஒழுங்காக வைத்துக்கொள்ளும் பழக்கம்தான் இந்த வேலைக்கு அதிகம் தேவைப்படுகிறது.

எங்கிருந்து தொடங்குவது?

கேள்வியிலிருந்து. பலரும் தரவைப் பதிவிறக்கிவிட்டு, அதில் என்ன தெரிகிறது என்று பார்க்கிறார்கள். வண்ணமயமான படம் ஒன்று கிடைக்கும், அதோடு முடிந்துவிடும். "எங்கள் பகுதியின் சுகாதார நிலை எப்படி இருக்கிறது?" என்று கேட்டால் வரைபடத்தால் விடை சொல்ல முடியாது. "அரை மணி நேரம் நடந்தும் ஒரு மருத்துவரைப் பார்க்க முடியாத வீடுகள் எந்தப் பக்கம் இருக்கின்றன?" என்று கேட்டால் முடியும். இந்தக் கேள்வியில் யாருக்கு, எவ்வளவு நேரம், எந்த வசதி என்ற மூன்றும் இருக்கின்றன. எந்தத் தரவு வேண்டும் என்பதை அதுவே சொல்லிவிடுகிறது.

இன்னொரு சோதனையும் உண்டு. விடை "ஆம்" என்றால் யார் என்ன செய்வார்கள், "இல்லை" என்றால் யார் என்ன செய்வார்கள் என்று எழுதிப் பாருங்கள். இரண்டுக்கும் ஒரே செயல்தான் என்றால் அந்த வரைபடத்தை வரைய வேண்டிய அவசியமே இல்லை.

நோய் எங்கிருந்து வருகிறது என்பதை வரைபடம் காட்டிவிடுமா?

இப்படிக் கேட்பவர்கள் மனதில் பெரும்பாலும் ஜான் ஸ்னோவின் கதை இருக்கும். 1854இல் லண்டனின் சோஹோ பகுதியில் காலரா வெடித்தது. மருத்துவர் ஸ்னோ இறப்புகளை வரைபடத்தில் குறித்தார், அவை பிராட் தெருவிலிருந்த அடிகுழாயைச் சுற்றிக் குவிந்திருந்தன, குழாயின் கைப்பிடியைக் கழற்றினார்கள், நோய் நின்றது என்று சொல்வார்கள்.

நடந்த வரிசை வேறு. ஆகஸ்ட் 31ஆம் தேதி வாக்கில் நோய் கடுமையாகத் தாக்கியது. கைப்பிடி கழற்றப்பட்டது செப்டம்பர் 8ஆம் தேதி. இன்று எல்லோரும் காட்டுகிற வரைபடம் அதற்குப் பிறகு வரையப்பட்டு, 1855இல் அவருடைய நூலின் இரண்டாம் பதிப்பில் அச்சேறியது. மக்கள் பகுதியை விட்டு ஓடியதால் கைப்பிடியைக் கழற்றும் முன்பே இறப்புகள் குறைந்துவிட்டிருந்தன என்று ஸ்னோவே எழுதியிருக்கிறார். தண்ணீர்தான் காலராவைப் பரப்புகிறது என்ற கருத்தை அவர் 1849இலேயே வெளியிட்டிருந்தார். வரைபடம் அவருக்கு அந்த யோசனையைத் தரவில்லை. யோசனையை மற்றவர்களுக்கு எடுத்துக்காட்ட உதவியது.

அவருடைய வாதத்துக்கு வலுச் சேர்த்தவை, வரைபடத்தோடு ஒத்துப்போகாத இடங்கள். குழாய்க்கு மிக அருகில் 535 பேர் தங்கியிருந்த ஏழையர் விடுதியில் 5 பேர் மட்டுமே இறந்தார்கள். ஏன்? அங்கே சொந்தக் கிணறு இருந்தது. பக்கத்திலேயே இருந்த மதுவடிப்பாலைத் தொழிலாளர்களில் யாரும் காலராவால் சாகவில்லை. அவர்கள் அந்தக் குழாய்த் தண்ணீரைக் குடிக்கவே இல்லை. மறுபுறம், பல கிலோமீட்டர் தள்ளி ஹாம்ப்ஸ்டெட்டில் வசித்த ஒரு மூதாட்டி காலராவால் இறந்தார். பிராட் தெருத் தண்ணீரின் சுவை பிடித்துப்போய் அதை வண்டியில் வரவழைத்துக் குடித்தவர் அவர். இவற்றையெல்லாம் எந்த வரைபடமும் சொல்லவில்லை. வீடு வீடாகப் போய்க் கேட்டதில் தெரியவந்தவை. அப்பகுதியின் இளம் பாதிரியார் ஹென்றி வைட்ஹெட், ஸ்னோவின் கருத்து தவறு என்று நிறுவப் புறப்பட்டு, விசாரிக்க விசாரிக்க அதை ஏற்றுக்கொண்டவர். முதலில் நோயுற்றது எந்த வீட்டுக் கைக்குழந்தை என்பதைத் தேடிக் கண்டவரும் அவரே.

எனவே ஓரிடத்தில் நோய் குவிந்திருப்பதைக் கண்டால் "காரணம் கிடைத்துவிட்டது" என்று எழுதாதீர்கள். அந்தக் குவியலுக்குள் நோய் வராத வீடுகள் எவை, குவியலுக்கு வெளியே நோய் வந்த வீடுகள் எவை என்று பட்டியல் எடுத்து, அங்கே போய்க் கேளுங்கள். அந்தப் பட்டியலைத் தருவதுதான் வரைபடம் செய்யக்கூடிய பேருதவி.

மருத்துவமனையைச் சுற்றி 5 கிலோமீட்டர் வட்டம் போட்டால், உள்ளே இருப்பவர்களுக்கு வசதி உண்டு என்று சொல்லலாமா?

வட்டம் போடுவது எளிது என்பதால் எல்லோரும் அதையே செய்கிறார்கள். ஆனால் மனிதர் பறவையைப் போல நேர்கோட்டில் போவதில்லை. நடுவே ஆறு ஓடலாம், ரயில் பாதை இருக்கலாம், மேடு இருக்கலாம். பாலம் இல்லாத ஆற்றின் அக்கரையில் 1 கிலோமீட்டர் தொலைவில் இருப்பவர், இக்கரையில் 6 கிலோமீட்டர் தள்ளி இருப்பவரைவிடத் தாமதமாகத்தான் மருத்துவரைப் பார்ப்பார்.

ஆகவே சாலை வழியாக ஆகும் நேரத்தைக் கணக்கிடுங்கள். ஓபன்ரூட்சர்வீஸ் போன்ற இலவசச் சேவைகள், ஓரிடத்திலிருந்து 15 நிமிடம், 30 நிமிடம், 60 நிமிடத்தில் எட்டக்கூடிய பரப்பை வரைந்து காட்டும். வட்டமாகத் தொடங்கியது கைவிரல்கள் விரிந்த மாதிரி ஒழுங்கற்ற வடிவமாகும். அதுவே உண்மைக்கு அருகில் இருக்கும். சாலையே இல்லாத இடங்களில் மக்கள் வயல்வெளியிலும் சரிவிலும் நடப்பதையும் சேர்த்துக் கணக்கிட உலக சுகாதார நிறுவனம் ஆக்சஸ்மாட் என்ற கருவியை வைத்திருக்கிறது.

அந்தச் சேவைகள் நடப்பவரின் வேகத்தை மணிக்கு 5 கிலோமீட்டர் என்ற அளவில் எடுத்துக்கொள்கின்றன. திடகாத்திரமானவரின் நடை அது. வயிற்றில் பிள்ளையோடு இருப்பவர், கைத்தடி ஊன்றுபவர், காய்ச்சலில் துவண்ட குழந்தையைத் தோளில் சுமப்பவர் ஆகியோர்தான் மருத்துவமனைக்குப் போகிறார்கள். வேகத்தைப் பாதியாக்கி மறுபடியும் வரைந்து பாருங்கள். எட்டும் பரப்பு பாதியாகக் குறைவதில்லை, ஏறக்குறைய கால்வாசியாகச் சுருங்கிவிடும். மழைக்காலத்துக்குத் தனியாக ஒன்று வரைய வேண்டிய பகுதிகளும் உண்டு.

தூரம் சரியாக இருந்தாலும் கதவு திறந்திருக்க வேண்டும். திறந்திருக்கும் நேரம், மருத்துவர் இருக்கும் நாள், அந்த ஒரே நிலையத்தை நம்பியிருப்போரின் எண்ணிக்கை ஆகியவை வரைபடத்தில் தெரியாது. பத்தாயிரம் பேருக்கு ஒரு மருத்துவர் என்றால், பக்கத்து வீட்டில் இருந்தாலும் அவர் தூரத்தில்தான் இருக்கிறார்.

வரைபடத்தில் ஓரிடம் காலியாக இருந்தால் அங்கே எதுவும் இல்லை என்று பொருளா?

இல்லை. இந்தத் துறையில் மிக அதிகமாக நடக்கும் தவறு இதுதான். காலி இடம் "அங்கே இல்லை" என்றும் சொல்லலாம், "அங்கே யாரும் போய்ப் பார்க்கவில்லை" என்றும் சொல்லலாம். இரண்டும் திரையில் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும்.

2010 ஜனவரி 12ஆம் தேதி ஹெய்ட்டியில் நிலநடுக்கம் ஏற்பட்டபோது தலைநகரான போர்ட்-ஓ-பிரின்சின் ஓபன்ஸ்ட்ரீட்மேப் பெரும்பாலும் வெறுமையாக இருந்தது. அங்கே தெருக்கள் இல்லாமல் போகவில்லை, வரைந்தவர்கள்தான் இல்லை. உலகெங்கிலும் இருந்த தன்னார்வலர்கள் செயற்கைக்கோள் படங்களைப் பார்த்துச் சில வாரங்களில் நகரை வரைந்து முடித்தார்கள். மீட்புக் குழுவினர் அதைத் தங்கள் ஜிபிஎஸ் கருவிகளில் ஏற்றிக்கொண்டு போனார்கள். பேரிடர் வந்த பிறகு வரைவதைவிட முன்கூட்டியே வரைந்து வைக்கலாமே என்ற எண்ணத்தில் 2014இல் மிஸ்ஸிங் மேப்ஸ் திட்டம் தொடங்கியது. அமெரிக்க, பிரிட்டிஷ் செஞ்சிலுவைச் சங்கங்களும், எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பும், மனிதநேய ஓபன்ஸ்ட்ரீட்மேப் குழுவும் அதைச் சேர்ந்து தொடங்கின.

யார் வரைகிறார்கள் என்பது எது வரையப்படும் என்பதைத் தீர்மானிக்கிறது. வசதியான பகுதியில் ஒவ்வொரு மரமும் உணவகமும் குறிக்கப்பட்டிருக்க, குடிசைப் பகுதி ஒரு சாம்பல் நிறப் பட்டையாகக் கிடப்பது சாதாரணம். அந்த இரண்டையும் ஒப்பிட்டு "இங்கே வசதிகள் அதிகம், அங்கே குறைவு" என்று எழுதினால், வரைபடம் வரைந்தவர்களின் நடமாட்டத்தைத்தான் நீங்கள் அளந்திருக்கிறீர்கள்.

சரிபார்க்க மூன்று வழிகள் உண்டு. ஒன்று, செயற்கைக்கோள் படத்தை அடியில் வைத்து, கண்ணுக்குத் தெரியும் கூரைகளில் எத்தனை வரைபடத்தில் இருக்கின்றன என்று சில இடங்களில் எண்ணிப் பாருங்கள். கட்டடங்களே பாதிதான் வரையப்பட்டிருந்தால், அவற்றுக்குள் இருக்கும் மருந்தகங்களைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். இரண்டு, ஒவ்வொரு பொருளும் கடைசியாக எப்போது திருத்தப்பட்டது என்பதை ஓபன்ஸ்ட்ரீட்மேப் பதிந்து வைத்திருக்கிறது, அதைப் பாருங்கள். மூன்று, அரசுப் பட்டியல் இருந்தால் அதோடு ஒப்பிடுங்கள். இரண்டிலும் இருப்பவை, ஒன்றில் மட்டும் இருப்பவை என்று பிரியும். ஒன்றில் மட்டும் இருப்பவற்றை நேரில் போய்ப் பார்க்க வேண்டும். அரசுப் பட்டியல்தான் சரி என்று நினைக்க வேண்டாம். காகிதத்தில் மட்டும் இயங்கும் நிலையங்கள் எல்லா நாட்டிலும் உண்டு.

உங்கள் வரைபடத்தில் "தரவு இல்லை" என்பதற்கும் "வசதி இல்லை" என்பதற்கும் வெவ்வேறு நிறம் கொடுங்கள். முன்னதற்குச் சாய்கோடுகள் இட்ட சாம்பல் நிறம் பொருத்தமாக இருக்கும்.

நோயாளிகளின் எண்ணிக்கையைக் காட்டலாமா, விகிதத்தைக் காட்ட வேண்டுமா?

வெறும் எண்ணிக்கையை வரைந்தால் மக்கள் நெருக்கமாக வாழும் இடம்தான் எப்போதும் சிவப்பாகத் தெரியும். எந்தப் பிரச்சினையை எடுத்தாலும் அதே படம்தான் வரும். எனவே விகிதம் வேண்டும். எங்கே எத்தனை படுக்கை வேண்டும் என்று திட்டமிடும்போது மட்டும் எண்ணிக்கையும் தேவைப்படும்.

விகிதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. 400 பேர் வசிக்கும் சிற்றூரில் ஓராண்டில் ஒருவர் ஒரு நோயால் இறந்தால், லட்சத்துக்கு 250 என்று கணக்கு வரும். 4 லட்சம் பேர் வாழும் நகரில் 100 பேர் இறந்தாலும் லட்சத்துக்கு 25தான். சிற்றூர் பத்து மடங்கு ஆபத்தானதா? அடுத்த ஆண்டு அங்கே யாரும் இறக்காவிட்டால் விகிதம் சுழியாகி, உலகிலேயே ஆரோக்கியமான ஊராகிவிடும். அமெரிக்காவின் சிறுநீரகப் புற்றுநோய் வரைபடம் இதற்குப் பேர்பெற்ற எடுத்துக்காட்டு. மிகக் குறைந்த இறப்பு விகிதம் கொண்ட மாவட்டங்கள் பெரும்பாலும் மக்கள் குறைந்த கிராமப்புற மாவட்டங்கள். மிக அதிக விகிதம் கொண்டவையும் அதே வகை மாவட்டங்கள்தான். காற்றும் உணவும் காரணமில்லை; தலை எண்ணிக்கை குறைவு, அவ்வளவே. பல ஆண்டுத் தரவைச் சேர்த்துப் பாருங்கள், அல்லது அண்டைப் பகுதிகளோடு இணைத்துப் பாருங்கள். முதியோர் அதிகம் உள்ள பகுதியை இளைஞர் அதிகம் உள்ள பகுதியோடு ஒப்பிடும்போது வயதுக்கேற்பச் சரிசெய்யாமல் எதுவும் சொல்லாதீர்கள்.

எல்லைக்கோட்டை மாற்றினால் முடிவு மாறுமா?

மாறும். அதே புள்ளிகளை வார்டுவாரியாக எண்ணினால் ஒரு படம், அஞ்சல் குறியீட்டுவாரியாக எண்ணினால் இன்னொரு படம், சதுரக் கட்டங்களாக எண்ணினால் மூன்றாவது படம். கோட்டின் இருபுறமும் பாதிப்பாதியாகப் பிரிந்துபோன குவியல் எந்தப் பகுதியிலும் தெரியாமல் மறைந்துவிடும். முடிந்தால் இரண்டு விதமான எல்லைகளில் வரைந்து, இரண்டிலும் நிற்கும் முடிவை மட்டும் சொல்லுங்கள்.

இதோடு ஒட்டிய இன்னொரு பிழை, பகுதியைப் பற்றிய உண்மையை அங்கே வாழும் ஆளைப் பற்றிய உண்மையாக நினைப்பது. சமூகவியலாளர் வில்லியம் ராபின்சன் 1950இல் இதை ஒரு கணக்கால் காட்டினார். அமெரிக்காவின் 1930ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி, வெளிநாட்டில் பிறந்தவர்கள் அதிகமாக வாழ்ந்த மாநிலங்களில் எழுத்தறிவு அதிகமாக இருந்தது. ஆனால் ஆள் ஆளாகப் பார்த்தால் வெளிநாட்டில் பிறந்தவர்களிடம் எழுத்தறிவு குறைவு. எழுத்தறிவு மிகுந்த மாநிலங்களில் அவர்கள் அதிகமாகக் குடியேறியிருந்தார்கள், அதுதான் விஷயம்.

குற்ற வரைபடத்தைப் பார்த்து ஒரு தெரு பாதுகாப்பற்றது என்று சொல்லலாமா?

நாமாக இருந்தால் சொல்ல மாட்டோம். குற்ற வரைபடம் காட்டுவது நடந்த குற்றங்களை அல்ல, பதிவான புகார்களை. காவலர் ரோந்து அதிகமுள்ள இடத்தில் பதிவு அதிகம். காவல் நிலையத்தின் மீது நம்பிக்கை இல்லாத இடத்தில் பதிவு குறைவு. வீட்டுக்குள் நடக்கும் வன்முறை பெரும்பாலும் எந்த வரைபடத்துக்கும் வருவதில்லை.

புள்ளி நிற்கும் இடத்தையும் அப்படியே நம்ப முடியாது. இங்கிலாந்து, வேல்ஸ் காவல்துறைத் தரவில், பாதிக்கப்பட்டவரின் அடையாளம் தெரியாமலிருக்க, ஒவ்வொரு சம்பவத்தையும் முன்பே தேர்ந்தெடுத்த பொதுவான புள்ளிகளில் அருகிலுள்ள ஒன்றுக்கு நகர்த்தித்தான் வெளியிடுகிறார்கள். அதைத் தெரியாதவர் ஒரே மூலையில் டஜன் கணக்கில் குற்றம் நடப்பதாக நினைப்பார். முகவரி கண்டுபிடிக்க முடியாதபோது சில மென்பொருள்கள் ஊரின் மையத்திலோ நாட்டின் மையத்திலோ புள்ளியை வைத்துவிடும். அட்சரேகையும் தீர்க்கரேகையும் காலியாக இருந்தால் புள்ளி சுழி, சுழி என்ற இடத்துக்குப் போகும். அது ஆப்பிரிக்காவுக்கு மேற்கே கினி வளைகுடாவின் நடுக்கடல். தொழில்நுட்பக்காரர்கள் அதற்கு நல் ஐலண்ட் என்று கேலிப்பெயர் வைத்திருக்கிறார்கள். உங்கள் நோயாளிகள் சிலர் அந்தக் கடலில் மிதந்தால் அட்டவணையைத் திருத்துங்கள்.

சாலை விபத்துத் தரவு இதைவிட உறுதியானது, குறிப்பாக உயிரிழப்புகள். அதிலும் ஒரு வெற்றிடம் ஒளிந்திருக்கும். மிகவும் ஆபத்தான சாலையைக் கடக்க யாருமே துணியாவிட்டால் அங்கே பாதசாரி விபத்து பதிவாகாது. பச்சை நிறத்தில் பாதுகாப்பாகத் தெரியும் அந்தச் சந்திப்பில் போய் நின்று, எத்தனை பேர் கடக்கிறார்கள், எத்தனை பேர் சுற்றிப் போகிறார்கள் என்று எண்ண வேண்டும்.

இன்னொரு எச்சரிக்கை வரலாற்றிலிருந்து. 1930களில் அமெரிக்க அரசின் வீட்டுக்கடன் நிறுவனம் ஒன்று நகரங்களின் குடியிருப்புப் பகுதிகளைத் தரம்பிரித்து நான்கு நிறங்களில் வரைந்தது. ஆபத்து என்று சிவப்பில் குறித்தவற்றில் கறுப்பின மக்கள் வாழ்ந்த பகுதிகள் ஏராளம். அத்தகைய பகுதிகளுக்குக் கடன் மறுக்கும் வழக்கத்துக்கு அந்தச் சிவப்புக் கோடே பெயராக நிலைத்துவிட்டது. ஒரு பகுதிக்கு "ஆபத்து" என்று நிறம் பூசினால் வாடகை, காப்பீடு, வேலைவாய்ப்பு எல்லாவற்றிலும் அது எதிரொலிக்கும். விளக்கில்லாத தெரு, நடைபாதை இல்லாத சாலை என்று சரிசெய்யக்கூடியதைக் குறியுங்கள். ஆட்களைக் குறிக்காதீர்கள்.

வெள்ளம், வெப்பம் போன்றவற்றுக்கு இலவசத் தரவு உதவுமா?

பெரிய அளவில் உதவும், தெரு அளவில் ஏமாற்றும். பரவலாகப் பயன்படும் எஸ்ஆர்டிஎம் உயரத் தரவு 2000 பிப்ரவரியில் எண்டெவர் விண்கலம் 11 நாள்களில் ரேடார் மூலம் எடுத்தது. ஏறக்குறைய 30 மீட்டருக்கு ஓர் உயர மதிப்பு கிடைக்கும். அந்த ரேடார் மரத்தின் தலையையும் கூரையையும் சேர்த்தே அளந்தது. பிழை சில மீட்டர் வரை போகும். சமவெளியில் முழங்கால் அளவு நீர் எந்தத் தெருவில் தேங்கும் என்பதை அதைக் கொண்டு சொல்ல முடியாது. எந்தப் பக்கம் நீர் வடியும், எது பெரிய பள்ளத்தாக்கு என்பதை மட்டும் சொல்லலாம். சென்ற முறை நீர் எவ்வளவு ஏறியது என்று சுவர்க் கறையைக் காட்டிச் சொல்லும் முதியவரிடம் அதைவிட நுணுக்கமான தரவு இருக்கிறது. அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

லேண்ட்சாட் வெப்பப் படமும் அப்படித்தான். அது அளப்பது கூரை, தார்ச்சாலை, புல் ஆகியவற்றின் மேற்பரப்பு வெப்பத்தை. நாம் உணரும் காற்றின் வெப்பத்தை அல்ல. செயற்கைக்கோள் கடப்பது காலை 10 மணி வாக்கில். வெப்ப அலையில் உயிரைப் பறிப்பதில் இரவிலும் தணியாத சூட்டுக்குப் பெரிய பங்குண்டு, அது காலைப் படத்தில் தெரியாது. ஆனாலும் மரங்கள் எங்கே இல்லை, நிழல் எங்கே வேண்டும் என்று முதல் பட்டியல் போட இது போதும்.

நாங்கள் நேரில் சேகரித்ததைச் சேர்க்கலாமா?

கட்டாயம் சேருங்கள். ஸ்ட்ரீட்கம்ப்ளீட் என்ற செயலி, நடந்து போகும்போதே "இந்தத் தெருவில் விளக்கு இருக்கிறதா?", "இந்தக் கட்டடத்தில் சக்கர நாற்காலி நுழையுமா?" என்று கேட்டு, நீங்கள் சொல்லும் விடையை ஓபன்ஸ்ட்ரீட்மேப்பில் பதியும். கணக்கெடுப்புப் படிவம் தேவை என்றால் கோபோடூல்பாக்ஸ் இருக்கிறது; இணைப்பு இல்லாத இடத்திலும் வேலை செய்யும்.

சில நுட்பங்கள்: திறந்த வெளியில் கைப்பேசி ஜிபிஎஸ் சுமார் 5 மீட்டருக்குள் சரியாகக் காட்டும். உயர்ந்த கட்டடங்களுக்கு நடுவே அது தாவும். அட்சரேகை, தீர்க்கரேகை எண்களில் தசமப் புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் இருந்தால் ஏறக்குறைய 1 மீட்டர் நுணுக்கம். பத்து இலக்கம் எழுதி வைப்பது அலங்காரம். எந்த எண் முதலில் என்பதில் மென்பொருளுக்கு மென்பொருள் வேறுபாடு உண்டு. சில அட்சரேகையை முதலில் கேட்கும், சில தீர்க்கரேகையை. மாற்றிக் கொடுத்தால் உங்கள் ஊர் வேறு கண்டத்துக்குப் போய்விடும். அந்தப் பிழை உடனே தெரிந்துவிடுவதால் ஆபத்தில்லை.

எதையெல்லாம் வெளியிடக் கூடாது?

நோயாளியின் வீட்டை. பெயரை நீக்கிவிட்டோம் என்பது சமாதானம் ஆகாது. அச்சிட்ட வரைபடத்திலுள்ள புள்ளிகளைக் கொண்டே வீட்டு முகவரிகளில் பெரும்பாலானவற்றை மீட்டெடுக்க முடியும் என்று 2006இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினார்கள். பகுதிவாரியாகத் தொகுத்து வெளியிடுங்கள். ஒரு பகுதியில் ஐந்து பேருக்குக் குறைவாக இருந்தால் எண்ணைக் காட்டாமல் "5க்குக் கீழ்" என்று போடுங்கள். சிறிய ஊரென்றால் ஐந்தும் குறைவுதான், இன்னும் உயர்த்துங்கள்.

தொகுத்தாலும் அடையாளம் கசியலாம். உடற்பயிற்சிச் செயலியான ஸ்ட்ராவா, பயனர்கள் ஓடிய தடங்களையெல்லாம் பெயரின்றித் திரட்டி ஓர் ஒளி வரைபடமாக வெளியிட்டது. 2018 ஜனவரியில் அதைக் கவனித்தவர்கள், வேறு யாரும் செயலி பயன்படுத்தாத பாலைவனங்களில் ராணுவ முகாம்களின் வடிவம் ஒளிர்வதைக் கண்டார்கள். ஆள் குறைந்த இடத்தில் பெயரின்மை பாதுகாப்பு தராது.

வன்முறைக்குத் தப்பி வந்த பெண்களுக்கான இல்லம், சிறுபான்மையினர் கூடும் ரகசிய இடம், குறிப்பிட்ட நோய்க்கு மட்டும் சிகிச்சை தரும் சிறு நிலையம் ஆகியவற்றைக் குறிக்கும் முன் அங்கே இருப்பவர்களைக் கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிடுங்கள். சரியான தகவல் என்பதற்காக எல்லாவற்றையும் பொதுவில் வைக்க வேண்டியதில்லை.

உரிமம் பற்றி என்ன கவனிக்க வேண்டும்?

ஓபன்ஸ்ட்ரீட்மேப் தரவைப் பயன்படுத்தினால் "ஓபன்ஸ்ட்ரீட்மேப் பங்களிப்பாளர்கள்" என்று வரைபடத்தில் குறிப்பிட வேண்டும். அதோடு உங்கள் தரவைக் கலந்து உருவாக்கிய தரவுத்தொகுப்பைப் பொதுவில் வைத்தால், அதையும் அதே உரிமத்தில் தர வேண்டும். நோயாளித் தரவைத் தனிக் கோப்பில் வைத்துக்கொள்ள இது இன்னொரு காரணம்.

வரைபடத்தை யாரிடம், எப்படிக் காட்டுவது?

அதிகாரிகளிடம் போகும் முன் அங்கே வாழ்பவர்களிடம் காட்டுங்கள். பெரிய தாளில் அச்சிட்டு, பேனாவோடு மேசையில் விரித்து வையுங்கள். திரையில் காட்டினால் தலையாட்டுவார்கள். தாளில் காட்டினால் "இந்தப் பாலம் போன மழையில் போய்விட்டது", "இந்த மருத்துவமனைக்கு நாங்கள் போவதில்லை, அவர்கள் சரியாகப் பேசுவதில்லை" என்று எழுதுவார்கள், திருத்துவார்கள், ஒருவரையொருவர் மறுத்தும் பேசுவார்கள். அந்தக் கிறுக்கல்கள் அடுத்த பதிப்புக்கான தரவு.

நிறங்களில் சிக்கனம் காட்டுங்கள். ஒரே நிறத்தின் வெளிரிலிருந்து அடர்த்தி வரை ஐந்து படிகள் போதும். சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத ஆண்கள் பலர் இருக்கிறார்கள். அந்த இரண்டையும் எதிரெதிராக வைக்க வேண்டாம். படிகளை எங்கே வெட்டினீர்கள் என்பதை எழுதிவையுங்கள். வெட்டும் இடத்தை நகர்த்தினால் அதே தரவு அமைதியாகவும் தெரியும், பேரழிவாகவும் தெரியும்.

ஒருமுறை வரைந்ததை எவ்வளவு காலம் நம்பலாம்?

அடுக்குக்கு அடுக்கு வேறுபடும். மலையும் ஆறும் பல ஆண்டுகள் நிற்கும். சாலைகளை ஆண்டுக்கொருமுறை பார்த்தால் போதும். மருந்துக்கடை, மருத்துவர் வரும் நேரம், தண்ணீர் லாரி நிற்கும் இடம் போன்றவை சில மாதங்களிலேயே மாறும். மக்கள்தொகைக் கணக்கு பல நாடுகளில் பத்தாண்டுக்கு ஒருமுறைதான் எடுக்கப்படுகிறது. அதைக் கொண்டு போட்ட விகிதங்கள் ஆண்டு செல்லச் செல்ல விலகிக்கொண்டே போகும். ஒவ்வோர் அடுக்கும் எந்தத் தேதியைச் சேர்ந்தது, தவறு கண்டால் எந்தக் குழுவிடம் சொல்ல வேண்டும் என்ற இரண்டையும் வரைபடத்தின் மூலையில் படிக்கக்கூடிய அளவில் அச்சிடுங்கள். தேதி போடாத வரைபடம் உங்களிடம் வந்தால், அதிலுள்ள மருந்துக்கடையை நம்பி இரவில் கிளம்பும் முன் தொலைபேசியில் கேட்டுவிடுங்கள்.